மூளைத்தண்டை மாவில் செய்து படிப்பது எப்படி? முதுகால் பிளந்த மீனிலிருந்து ஒரு விளக்கம்

தாதியர் பயிற்சியின் முதலாம் வருடம். உடற்கூற்றியல் வாய்மொழிப் பரீட்சையில் மூளைத்தண்டின் குறுக்குவெட்டுப் படம் ஒன்றை நீட்டி, "உணர்ச்சிக் கருக்கள் எங்கே இருக்கு?" என்று கேட்டார்கள். மூளையையும் முண்ணாணையும் (தண்டுவடத்தையும்) இணைப்பதுதான் மூளைத்தண்டு. கரு என்றால் இங்கே நரம்புக் கலங்கள் (செல்கள்) கூட்டமாக இருக்கும் இடம். முண்ணாணில் உணர்ச்சி பின்னால், இயக்கம் முன்னால். அந்த நினைப்பில் பின்பக்கத்தைத் தொட்டேன். பிழை. ஏன் பிழை என்பது விளங்க இன்னும் நான்கு மாதம் பிடித்தது. அது விளங்கிய இடம் மட்டக்களப்பு நாவலடியில் மாமி வீட்டு முற்றம். 3ஆம் படியில் அந்தக் கதை வருகிறது. அவசரமானவர்கள் நேரே அங்கே போகலாம்.

தேவையானவை: கோதுமை மா 2 கப், தூள் உப்பு 1 கப், தண்ணீர், சிவப்பு நீல உணவு நிறங்கள், கொஞ்சம் கறுப்பு எள்ளு, ஒரு ஈர்க்கு, தையல் நூல். பிளாஸ்டிசின் வேண்டாம். மட்டக்களப்பு வெக்கையில் கையில் ஒட்டி இளகிவிடும், வெட்டினால் நிறங்கள் ஒன்றோடொன்று இழுபடும். உப்பு மாவுதான் நல்லது. தண்ணீரைச் சிறுகச் சிறுக விட்டு, ரொட்டி மாவை விட இறுக்கமாகக் குழைக்க வேண்டும். ஒரு பங்குக்குச் சிவப்பு, ஒரு பங்குக்கு நீலம் போட்டு, மிச்சத்தை வெள்ளையாகவே விடுங்கள். சிவப்பு என்றால் இயக்கம், நீலம் என்றால் உணர்ச்சி. கடைசி வரை இதை மாற்றக்கூடாது.

படி 1: அளவு

உண்மையான மூளைத்தண்டு ஒரு ஆட்காட்டி விரல் நீளம்தான். மேலே நடுமூளை ஏறத்தாழ 2 செ.மீ., நடுவே வரோலியின் பாலம் 2.5 செ.மீ., கீழே நீள்வளைய மையவிழையம் 3 செ.மீ. நாம் இரட்டிப்பாக்கி 4, 5, 6 செ.மீ. என்று செய்வோம்.

படி 2: வெளித்தோற்றம்

வெள்ளை மாவை மூன்று துண்டாக உருட்டி ஒட்டுங்கள். நடுத்துண்டு முன்பக்கம் நன்றாகப் புடைத்திருக்க வேண்டும். இதுதான் பாலம். 16ஆம் நூற்றாண்டில் இத்தாலிய உடற்கூற்றியலாளர் கொஸ்தான்சோ வரோலியோவுக்கு இது கால்வாய்க்கு மேலே போட்ட பாலமாகத் தெரிந்திருக்கிறது, அவர் பெயரே ஒட்டிக்கொண்டது. எனக்கு இது மட்டக்களப்பு வாவிக்கு மேலே போகும் கல்லடிப் பாலம். பாலத்தில் ஆட்கள் குறுக்கே போவார்கள், அடியில் வாவித் தண்ணீர் தூண்களுக்கிடையே பிரிந்து ஓடி அந்தப் பக்கம் மறுபடி ஒன்றாகும். இங்கேயும் அப்படித்தான். மூளிக்கு (சிறுமூளைக்கு) போகும் நார்கள் குறுக்கே போகின்றன. பெருமூளையிலிருந்து கைகாலுக்கு இறங்கும் நார்கள் அவற்றுக்கிடையே சிறுசிறு கட்டுகளாகப் பிரிந்து வந்து, கீழே மறுபடி ஒன்று சேர்கின்றன. அப்படிச் சேர்ந்து மையவிழையத்தின் முன்பக்கம் தெரியும் இரண்டு நீண்ட மேடுகள்தான் கூம்பகங்கள். அவற்றுக்கு வெளிப்புறம் ஒலிவ் கொட்டை போல ஒவ்வொரு மேடு வையுங்கள், ஒலிவ் என்பதுதான் அதற்குப் பெயரும். நடுமூளையின் பின்பக்கம் நான்கு சிறு உருண்டைகள்: மேல் இரண்டும் பார்வை சார்ந்தவை, கீழ் இரண்டும் கேட்டல் சார்ந்தவை.

படி 3: முதுகால் பிளப்பது

இங்கேதான் நான் தடுக்கி விழுந்தேன். நிதானமாக வாசியுங்கள்.

அன்று மாமி கருவாட்டுக்குப் பாரை வெட்டிக்கொண்டிருந்தா. உதவிக்கு உட்கார்ந்த நான் மீனின் வயிற்றில் கத்தியை வைத்தேன். "வயித்தால வெட்டாத மகள், முதுகால வெட்டு. அப்பதான் பாய் மாதிரி விரியும்" என்றா. தலைக்குப் பின்னால் தொடங்கி, முள்ளை ஒட்டி வால் வரைக்கும் கத்தியை இழுத்து, இரண்டு கையாலும் விரித்துப் பலகையில் வைத்தா. வயிற்றுப் பக்கம் வெட்டுப்படாமல் நடுவில் கிடந்தது. மேலே ஒன்றோடொன்று ஒட்டியிருந்த முதுகுச் சதை இரண்டும் இப்போது இரண்டு ஓரத்தில். மாமி உப்பை அள்ளி அந்தத் தடித்த ஓரங்களில் தேய்க்கத் தேய்க்க, எனக்குப் பரீட்சைப் படம் கண்முன் வந்தது.

தாய் வயிற்றில் வளரும் கருவில் மூளையும் முண்ணாணும் ஒரே குழாய். குழாயின் பின்பாதி உணர்ச்சி, முன்பாதி இயக்கம். முண்ணாணில் அது அப்படியே மூடிய குழாயாக நிற்கிறது. பாலத்திலும் மையவிழையத்தின் மேற்பாதியிலும் குழாயின் பின்கூரை மெல்லிய சவ்வாகி, உள்ளே இருந்த துளை அகன்று நான்காம் மூளை அறையாகிறது. கத்தி எதுவும் படவில்லை, ஆனால் விரிவது மீன் விரிவது போலத்தான். பின்னால் இருந்த உணர்ச்சி ஓரத்துக்குப் போகிறது, முன்னால் இருந்த இயக்கம் நடுக்கோட்டை ஒட்டி நிற்கிறது. நான் பின்பக்கம் தேடினேன், தேடியிருக்க வேண்டியது ஓரத்தில்.

இதைத் தனியாகச் செய்து பாருங்கள். பென்சில் ஒன்றின் ஒரு பக்கத்தில் சிவப்பு மாவையும் எதிர்ப்பக்கத்தில் நீல மாவையும் அப்பி, பென்சிலை உருவி எடுங்கள். கீழ்ப்பாதியை நூலால் வெட்டினால் முண்ணாண் தெரியும். மேற்பாதியை நீலப் பக்கத்தில் நீளவாக்கில் கீறி விரித்தால் மூளைத்தண்டு. சிவப்பும் நீலமும் சந்திக்கும் கோட்டில் ஈர்க்கால் ஒரு பள்ளம் போடுங்கள். சல்கஸ் லிமிடான்ஸ் என்பது இந்தப் பள்ளம்தான். பள்ளத்தை ஒட்டி உட்பக்கம் இதயம், குடல் போன்ற உள்ளுறுப்புகளை இயக்கும் கருக்கள், வெளிப்பக்கம் உள்ளுறுப்பு உணர்ச்சியும் சுவையும். இன்னும் ஓரத்துக்குப் போனால் முகத்தின் உணர்ச்சி, கேட்டல், சமநிலை.

நடுமூளையில் குழாய் திரும்பவும் மூடிக்கொள்ளும், நடுவில் ஒரு மெல்லிய கால்வாய் மட்டும் மிஞ்சும்.

படி 4: நரம்புகள்

மண்டையோட்டு நரம்புகள் 12 சோடி. 1, 2 முன்மூளையைச் சேர்ந்தவை, விட்டுவிடுங்கள். 3, 4 நடுமூளை. 5, 6, 7, 8 பாலம். 9, 10, 11, 12 மையவிழையம். இனி, 12ஐ மீதியின்றி வகுக்கும் எண்களில் 1, 2 போக மிஞ்சுவது 3, 4, 6, 12. நடுக்கோட்டை ஒட்டிய இயக்கக் கருக்கள் இவைதான். முதல் மூன்றும் கண்ணை அசைப்பவை, 12 நாக்கை அசைப்பது. மற்ற இயக்கக் கருக்கள் சற்றுப் பக்கவாட்டில். நான்கின் விதி என்று மருத்துவ மாணவர்கள் சொல்வதில் ஒரு பகுதி இது. மனப்பாடம் செய்வதற்கு இதைவிட நல்ல வழியை நான் காணவில்லை.

படி 5: பாதைகள், வெட்டு

கைகாலுக்கு இறங்கும் பாதைக்குச் சிவப்பு நூல், முன்பக்கம் முழுவதும். கூம்பகத்தின் அடியில் இடது நூலை வலத்துக்கும் வலது நூலை இடத்துக்கும் மாற்றுங்கள். ஏறத்தாழ 85 முதல் 90 சதவீத நார்கள் இங்கே பக்கம் மாறுகின்றன. மூளையின் இடப்பக்கம் பாதித்தால் வலது கைகால் விழுவது இதனால்தான். வலியும் சூடும் ஏறும் பாதைக்கு நீல நூல், பக்கவாட்டில். அது முண்ணாணிலேயே பக்கம் மாறிவிட்டுத்தான் மேலே வருகிறது.

இப்போது மூன்று துண்டையும் நடுவே நூலால் வெட்டுங்கள். கத்தி வைத்தால் நசியும். நடுமூளை வெட்டுமுகத்தில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு எள்ளு வரிசை பதித்தால் சப்ஸ்டன்சியா நைக்ரா. பார்க்கின்சன் நோயில் அழிவது இந்தக் கறுப்புக் கலங்கள்தான். மூன்று வெட்டிலும் மிச்சமுள்ள நடுப்பகுதி வலைபோன்ற அமைப்பு. விழிப்பும் மூச்சும் அதன் பொறுப்பு.

இதெல்லாம் எனக்கு ஏன் முக்கியம் என்றும் சொல்ல வேண்டும். எங்கள் பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது கைகால் விழவில்லை. தலை சுற்றியது, சாப்பாடு விழுங்க முடியவில்லை, குரல் கரகரத்தது. ஒரு நாள் கொதிக்கும் பிளேன்டீ வலது காலில் கொட்டியும் அவருக்குத் தெரியவில்லை. ஆனால் முகத்தில் மரத்திருந்தது இடப்பக்கம். முகம் ஒரு பக்கம், கால் மறுபக்கம், இது எப்படி என்று வீட்டில் எல்லோரும் குழம்பினார்கள். மாவை எடுத்து வெட்டிக் காட்டினேன். மையவிழையத்தின் இடது ஓரத்தில் நீல நூல் போகிறது. அது வலது காலிலிருந்து ஏற்கனவே பக்கம் மாறி வந்தது. அதன் பக்கத்திலேயே, இடது முகத்தின் வலியைக் கொண்டுவரும் 5ஆம் நரம்பின் பாதை, பக்கம் மாறாமல் கீழே இறங்கி வருகிறது. விழுங்கவும் பேசவும் வேண்டிய 9, 10இன் கருக்களும் அருகில்தான். ஒரு சின்ன இடத்தில் இரத்தம் போகாவிட்டால் இத்தனையும் சேர்ந்து வரும். கூம்பகம் முன்னால், நடுவில் இருப்பதால் கைகால் தப்பியது. பெரியம்மா அந்தத் துண்டைக் கையில் வாங்கிக் கனநேரம் பார்த்தா. அதற்குப் பிறகு அவருக்குத் தண்ணீர் வார்க்கும்போது சூட்டைத் தன் கையால் பார்க்காமல் ஒருநாளும் வார்த்ததில்லை.

பிற்சேர்க்கை 1: மாவைக் காயவைத்ததில் வெடித்துவிட்டது என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். வெயிலில் வைக்காதீர்கள். ஈரமாக இருக்கும்போதே வெட்டிப் படம் எடுங்கள், மிச்சத்தைப் பையில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

பிற்சேர்க்கை 2: கல்முனையிலிருந்து ஒரு தம்பி, "6, 7, 8 மூன்றும் பாலத்துக்கும் மையவிழையத்துக்கும் இடையிலுள்ள பள்ளத்தில்தானே வெளியே வருகின்றன, எந்தக் கணக்கில் சேர்ப்பது?" என்று கேட்டிருந்தார். சரியான கேள்வி. வெளியே வரும் இடம் அந்த எல்லைதான், நடுவிலிருந்து ஓரத்துக்கு 6, 7, 8 என்ற வரிசையில். விதியில் மூன்றையும் பாலத்தோடு எண்ணுங்கள்.

பிற்சேர்க்கை 3: அக்கரைப்பற்றுத் தங்கச்சி ஒருவர் அனுப்பிய படத்தில் எல்லா நரம்பும் முன்னாலும் பக்கத்திலும் இருந்தன. 4ஐ மட்டும் மாற்றுங்கள் தங்கச்சி. அது ஒன்றுதான் பின்பக்கத்தால் வெளியே வருவது, கீழ் உருண்டைகளுக்குச் சற்றுக் கீழே. வெளியே வருமுன் இடதும் வலதும் ஒன்றையொன்று குறுக்கறுத்துக் கொள்ளும். ஆகவே ஈர்க்கை இடது கருவிலிருந்து குத்தி வலப்பக்கம் வெளியே எடுங்கள்.