போர்டு எழுதக் கொடுக்கும் முன்: ரெஸ்டோ பாருக்குப் பெயர் வைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரியில் ரெஸ்டோ பார், அதாவது சாப்பாட்டோடு மதுவும் பரிமாறும் கடை, திறப்பவர்கள் இடத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பார்கள், சமையலறைக்கு எக்ஸாஸ்ட் போடுவார்கள், கலால் துறையில் உரிமத்துக்கான ஃபைலை நகர்த்துவார்கள். பெயரைப் பற்றி உட்கார்ந்து பேசுவது மட்டும் திறப்பு விழா அழைப்பிதழ் அச்சுக்குப் போகிற வாரத்தில்தான். பெயர் சின்னதாக இருக்கணும், வாயில் நுழையணும் என்பதெல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதையெல்லாம் சரியாகச் செய்தவர்களும் விழுகிற குழிகள் வேறு.

ஜிஎஸ்டி சான்றிதழைப் பட்டாவாக நினைப்பது

"ஜிஎஸ்டியில் பெயர் வந்துடுச்சு, இனி அது நம்முடையது." இந்த ஒரு வாக்கியத்தால் வீணான பணம் கொஞ்சநஞ்சமல்ல. எத்தனை முறை சொன்னாலும் அடுத்த கடைக்காரர் இதையேதான் சொல்கிறார்.

ஜிஎஸ்டி சான்றிதழில் சட்டப் பெயர், வணிகப் பெயர் என்று இரண்டு வரிகள் இருக்கும். வணிகப் பெயர் என்பது நீங்கள் தட்டச்சு செய்து கொடுத்தது. அதே பெயரில் வேறு யாராவது கடை நடத்துகிறார்களா என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க எண் உங்கள் சமையலறையைப் பற்றியது. கலால் உரிமம் ஆளையும் இடத்தையும் பற்றியது. கம்பெனியாகப் பதிவு செய்தாலும், அந்தப் பெயரில் கம்பெனி நடத்தலாம் என்பதுதான் அனுமதி. போர்டில் போடும் உரிமை அதனால் வந்துவிடாது. உரிமையைத் தீர்மானிப்பவை இரண்டு: 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டத்தின்படியான பதிவு, அந்தப் பெயரை உண்மையில் யார் முதலில் பயன்படுத்தினார் என்ற சான்று.

தேடிப் பார்த்தோம் என்பவர்களும் அரைகுறையாகத்தான் தேடுகிறார்கள். வணிகச் சின்னங்களுக்கான அரசுத் தளமான ஐபி இந்தியாவில் பொதுத் தேடல் இலவசம். பொருட்களையும் சேவைகளையும் அங்கே எண் போட்ட வகுப்புகளாகப் பிரித்திருப்பார்கள். உணவகச் சேவைக்கான 43ஆம் வகுப்பைத் தேர்ந்து, மனதில் இருக்கிற எழுத்துக்கூட்டலை அப்படியே அடிக்கிறார்கள். ஒன்றும் வராவிட்டால் பெயர் காலியாக இருப்பதாக முடிவு கட்டிவிடுகிறார்கள். செய்ய வேண்டிய முறை இது:

முழுப் பெயரை அடிக்க வேண்டாம். அதன் வேர்ச்சொல்லை மட்டும் 'கண்டெய்ன்ஸ்' (பெயரில் எங்கே இருந்தாலும்) தெரிவில் தேடுங்கள். 'ஸ்டார்ட் வித்' தெரிவில் தேடினால், முன்னால் 'ஸ்ரீ', 'நியூ', 'ஹோட்டல்' ஒட்டிய பெயர்கள் கண்ணில் படாது. பிறகு அதே சொல்லை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் போட்டுப் பாருங்கள். 'விருந்து' என்பதன் கடைசி எழுத்தையே மூன்று விதமாக எழுதுகிறார்கள். ழகரத்தை ஒருவர் இசட்எச் என்பார், இன்னொருவர் எல் என்பார். ஒலியை வைத்துத் தேடும் பொனெடிக் தேடல் என்று ஒன்று உண்டு. தமிழ் ஒலிகளுக்கு அதை மட்டும் நம்ப முடியாது.

அடுத்து 42ஆம் வகுப்பு. 2010இல்தான் இந்தியாவில் 43, 44, 45 வகுப்புகள் சேர்க்கப்பட்டன. அதற்கு முன் உணவகங்கள் 42இல் பதிவாயின. பழைய, பணபலமுள்ள ஓட்டல்கள் பல இன்னும் அங்கேதான் இருக்கின்றன. பார் என்பதால் 32ஐயும் (பீர்) 33ஐயும் (மற்ற மது வகைகள்) பாருங்கள். பின்னால் மசாலாப் பொடி விற்கும் எண்ணம் இருந்தால் 30.

நிலை என்ற இடத்தில் 'அபாண்டன்ட்' (கைவிடப்பட்டது) என்று இருந்தால் பெயர் காலி என்று பொருளல்ல. விண்ணப்பத்தைக் கைவிட்டவர் கடையைக் கைவிட்டிருக்க மாட்டார். பதிவே இல்லாதவரும் தன் பெயரை இன்னொருவர் எடுத்துக்கொண்டதாக வழக்குப் போடலாம். சட்டத்தின் 27ஆம் பிரிவு அந்த வழியை மூடவில்லை. 34ஆம் பிரிவின்படி, பதிவு பெற்றவராலும் தனக்கு முன்பிருந்தே அந்தப் பெயரில் தொடர்ந்து தொழில் செய்பவரைத் தடுக்க முடியாது. வில்லியனூரில் நாலு மேசை போட்ட மெஸ் ஒன்று பதினைந்து வருடத்துப் பில் புத்தகத்தை எடுத்து வைத்தால், உங்கள் புத்தம்புது விண்ணப்பம் அதன் முன் நிற்காது.

புனே வழக்கு நினைவிருக்கலாம். அமெரிக்க பர்கர் கிங் நிறுவனம், அதே பெயரில் புனேயில் நடந்துவந்த உள்ளூர்க் கடை மீது 2011இல் வழக்குப் போட்டது. உள்ளூர்க் கடைதான் அங்கே முன்னதாகப் பயன்படுத்தியது என்று சொல்லி 2024இல் மாவட்ட நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. விவகாரம் அதோடும் தீராமல் மேல் நீதிமன்றங்களுக்குப் போனது. முதல் படிக்கே 13 வருடம். அத்தனை காலம் வக்கீல் கட்டணம் கொடுக்க எந்த ரெஸ்டோ பாருக்கு முடியும்? நோட்டீஸ் வந்ததும் பெயரை மாற்றிவிட்டு வாயை மூடிக்கொள்வதுதான் நடைமுறை.

மாற்றுவது என்றால் போர்டை மட்டும் கழற்றினால் போதாது. மெனு கார்டு, பில் மென்பொருள், கார்டு இயந்திரம், யுபிஐ க்யூஆர், ஜிஎஸ்டி, எப்எஸ்எஸ்ஏஐ, கூகுள் மேப், ஸ்விகி, சொமாட்டோ எல்லாவற்றிலும் மாற்ற வேண்டும். பார்சல் கவரை கிராவியூர் முறையில் அச்சடித்திருந்தால் நிறத்துக்கு ஒரு சிலிண்டர் செய்திருப்பார்கள். பெயர் போனால் சிலிண்டரும் போச்சு, கிடங்கில் மிஞ்சிய கவரும் போச்சு. எல்லாவற்றுக்கும் மேல், கூகுளில் சேர்ந்த விமர்சனங்களைப் படித்துவிட்டு வருகிறவர் பழைய பெயரைத் தேடி, கடை மூடிவிட்டது என்று திரும்பிப் போவார்.

இவ்வளவுக்கும், வணிகச் சின்னப் பதிவுக்கான டிஎம்-ஏ படிவத்தை இணையவழியில் போடக் கட்டணம் ஒரு வகுப்புக்கு ரூ.4,500. தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனங்களுக்கு இதுதான், மற்றவர்களுக்கு ரூ.9,000. புதுச்சேரிக்கான பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. பரிசோதனை முடிந்து பதிவகத்தின் இதழில் வெளியான பிறகு எதிர்ப்புக்கு 4 மாதம் விடுவார்கள். அதனால் இடத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கிற வாரமே விண்ணப்பத்தையும் போட்டுவிடுங்கள். போட்டதும் பெயருக்கு மேல் டிஎம் குறி போடலாம். வட்டத்துக்குள் ஆர் போடுவது பதிவு கிடைத்த பிறகுதான்; முன்கூட்டியே போட்டால் சட்டப்படி அபராதம் உண்டு. முதல் நாள் பில், போர்டு செய்தவரின் ரசீது, தேதியோடு கூடிய விளம்பரம் மூன்றையும் ஒரு கோப்பில் வையுங்கள்.

பிரெஞ்சு மோகம்

'லே', 'லா', 'சே', 'மெசோன்' இல்லாமல் பழைய பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுனில் பெயர் வைக்கக்கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. ஆசைப்பட்டால் இலக்கணத்தையாவது பாருங்கள். மெசோன் (வீடு) பெண்பால், அதற்கு முன்னால் 'லா'தான் வரும். 'லே மெசோன்' என்று போர்டு வைத்தால் முதலில் சிரிப்பது நீங்கள் இழுக்க நினைத்த அதே பிரெஞ்சுக்காரர். 'சே' (chez) என்பதை நம்மூரில் எழுத்தைப் பார்த்துப் படிப்பவர் 'செஸ்' என்பார். செஸ் விளையாடுகிற இடமா என்று ஆட்டோக்காரர் கேட்பார், அவர் மேல் தப்பில்லை. எழுத்தின் தலையில் கோடு போட்ட பிரெஞ்சு எழுத்துகளைப் பல தெர்மல் பிரிண்டர்கள் கேள்விக்குறியாக அடிக்கும். பெயரை முடிவு செய்யும் முன் ஒரு பில் அடித்துப் பாருங்கள். தமிழில் பெயர் வைத்தாலும் இந்தச் சோதனை உண்டு. பிறகு புதுச்சேரி பேருந்து நிலையத்தில் நிற்கும் மூன்று ஆட்டோக்காரர்களிடம் பெயரைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

ஊர்ப் பெயர் + தின்பண்டப் பெயர்

'பாண்டி மீன் கடை' மாதிரியான பெயர்கள் உடனே புரியும். புரிவதாலேயே அவற்றைக் காப்பாற்ற முடியாது. ஊரையும் பண்டத்தையும் வெறுமனே விவரிக்கும் சொற்களைப் பதிவு செய்ய வணிகச் சின்னச் சட்டத்தின் 9ஆம் பிரிவு தடை. கடை நன்றாக ஓடினால் எதிர்வரிசையில் 'நியூ பாண்டி மீன் கடை' வரும், உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. போதாததற்கு ஊருக்கே மூன்று பெயர்: 2006இல் அதிகாரப்பூர்வமாகப் புதுச்சேரி ஆனது, பாண்டிச்சேரி இன்னும் போகவில்லை, வாயில் வருவது பாண்டி. எதைத் தேடினால் உங்கள் கடை வரும்?

ஊரெல்லாம் முனியாண்டி விலாஸ் இருக்கிறதே என்று கேட்பார்கள். அது திருமங்கலம் பக்கத்து வடக்கம்பட்டிக்காரர்கள் சாமியின் பெயரால் தங்களுக்குள் பகிர்ந்துகொண்ட பெயர். வருடம்தோறும் கூடி பிரியாணி படைக்கிற கட்டு அது. உங்களுக்கும் எதிர்வரிசைக்காரருக்கும் அப்படி எந்தக் கட்டும் கிடையாது.

'பார்' என்ற சொல்லைப் பெயருக்குள் வைப்பது

கோட்டக்குப்பத்தில் கால் வைத்தாலே தமிழ்நாடு. அங்கே பார் என்றால் நட்சத்திர ஓட்டல், கிளப், டாஸ்மாக்கை ஒட்டியது, அவ்வளவுதான். கடலூரில் கிளை திறக்கப் போனால் சாப்பாட்டுக் கடையாகத்தான் திறப்பீர்கள். பெயரில் இருக்கும் 'பார்' அங்கே சுமை. 'ரெஸ்டோ பார்' என்பது பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் வரும் விளக்கமாக இருக்கட்டும். விண்ணப்பத்தில் பெயரை மட்டும் கொடுங்கள். கிளையின் போர்டில் தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற அளவில் வர வேண்டும் என்பதையும் இப்போதே கணக்கில் வைத்து எழுத்தை வடிவமையுங்கள்.

சாமி பெயர்

இட்லிக் கடைக்கு அழகு. பாருக்கு வேண்டாம்.

மது பிராண்டின் பெயர்

முதலாளி நீங்களல்ல, நோட்டீஸ் வரும்.

மகள் பெயர்

அவள் பள்ளியில் படிக்கிறாள் என்பதை நினைவில் வையுங்கள்.

போர்டில் ஏறும்போது

ஓர் அங்குல உயர எழுத்து சுமார் 10 அடி தூரத்துக்கு நன்றாகப் படிக்கும் என்பது போர்டு தொழிலில் உள்ள பொதுக் கணக்கு. கிழக்குக் கடற்கரைச் சாலையான ஈசிஆரில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வருகிறவர் மூன்று நொடியில் 50 மீட்டர், அதாவது 164 அடி கடந்துவிடுவார். அவர் பார்த்து, வண்டியை ஒடிக்க வேண்டுமானால் 16 அங்குல எழுத்து தேவை. உங்கள் முகப்பு 20 அடி என்றால் அந்த உயரத்தில் எத்தனை எழுத்து அடங்கும் என்று தாளில் வரைந்து பாருங்கள். கொம்பும் காலும் இடத்தைத் தின்னும். 'கொ' மூன்று எழுத்தின் அகலம்.

எல்இடி எழுத்தில் புள்ளி தனித் துண்டு, அதற்குத் தனி ஒயர் போகும். மழைக்காலத்தில் நீர் இறங்கி அது அணைந்தால் 'தென்றல்' இரவில் 'தெனறல' ஆகிவிடும். மெய்யெழுத்து குறைந்த பெயராகப் பார்த்து எடுங்கள். முடியாதென்றால், புள்ளியைக் கழற்றி மாற்றும்படி செய்து தரச் சொல்லி, இரண்டு மாட்யூல் கூடுதலாக வாங்கி கல்லாப்பெட்டியில் போட்டு வையுங்கள்.