மெலமைன் கல்லும் சிறுநீரின் பிஎச்சும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2008-ல் சீனாவில் மெலமைன் (பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் வேதிப்பொருள்) கலந்த பால்பவுடரைக் குடித்து ஏறக்குறைய 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டனர்; பலருக்குச் சிறுநீரகத்தில் கல் உண்டானது. பாலில் நேரடியாகப் புரதத்தை அளக்காமல் நைட்ரஜனை அளந்து கணக்குப் போடுவார்கள். மெலமைனின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன் என்பதால், தண்ணீர் கலந்த பாலும் சோதனையில் தேறிவிட்டது.

எல்லா மெலமைன் கல்லும் ஒன்றுதான் என்று நினைப்பது

"மெலமைன் கல்லா? சோடியம் பைகார்பனேட் கொடு" என்று, சிறுநீரின் அமிலத்தைக் குறைக்கும் அந்த மருந்தைக் குறிப்பேட்டில் ஒரே வரியில் எழுதிவைப்பதைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. மெலமைனோடு சேர்ந்து படிந்தது எது என்று முதலில் கேட்க வேண்டும்.

சீனக் குழந்தைகளின் கல்லில் கூட இருந்தது யூரிக் அமிலம். அதை உடைக்கும் யூரிகேஸ் நொதி மனிதருக்கு இல்லை. கைக்குழந்தையின் சிறுநீரில் யூரிக் அமிலம் இன்னும் கூடுதல். பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; குறையக் குறைய அமிலம் கூடுதல்) 5.5 அளவில் அதில் பாதி கரையாத அமில வடிவில் இருக்கும். 6.5-க்கு ஏற்றினால் பத்தில் ஒன்பது பங்கு யூரேட் என்ற கரையும் வடிவமாக மாறிக் கரைந்துவிடும். அதனால்தான் அங்கே பிஎச்சை ஏற்றும் பைகார்பனேட்டும் சிட்ரேட்டும் பலன் தந்தன.

2007-ல் அமெரிக்காவில் நாய், பூனைகளைக் கொன்ற தீவனத்தில் மெலமைனோடு சயனூரிக் அமிலம் என்ற வேறொரு வேதிப்பொருளும் இருந்தது. இவை இரண்டும் ஹைட்ரஜன் பிணைப்பால் இறுகிப் படிகமாகி, சிறுநீரக நுண்குழாய்களை அடைத்துவிடும். சிறுநீர் எட்டக்கூடிய எந்த பிஎச்சிலும் அது எளிதில் கரையாது. அங்கே பைகார்பனேட்டை ஏற்றினால் கல் அப்படியே இருக்கும், உடம்பில் சோடியம்தான் சேரும்.

பிஎச் ஏற ஏற நல்லது என்பது

இல்லை. 7-ஐத் தாண்டினால் கால்சியம் பாஸ்பேட் படியத் தொடங்கும். யூரிக் அமிலக் கல்லுக்கு 6.5 வாக்கில் நின்றாலே போதும். சிறுநீர் நின்றுபோன குழந்தைக்குப் பொட்டாசியம் சிட்ரேட் கொடுப்பது இன்னும் மோசம்: வெளியேற வழியில்லாத பொட்டாசியம் இதயத்தை நிறுத்திவிடும்.

பழைய சிறுநீரில் பிஎச் பார்ப்பது

மேசையில் கிடந்த மாதிரியில் கிருமிகள் யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கும், 5.5 இருந்தது 7.5 என்று காட்டும். பிடித்தவுடன் டிப்ஸ்டிக்கை (நிறம் மாறிப் பிஎச் காட்டும் பட்டை) நனைத்து, பெட்டியில் சொன்ன நொடிக்கணக்கில் நிறத்தை ஒப்பிடுங்கள். காலைச் சிறுநீர் பொதுவாக அமிலம் கூடியது, சாப்பிட்டபின் பிஎச் ஏறும். ஒரு வேளை பார்த்த பிஎச்சை மட்டும் வைத்து மருந்தின் அளவை மாற்றாதீர்கள்.

தண்ணீரை மறப்பது

தண்ணீர் கொடுத்துச் சிறுநீரின் செறிவைக் குறைக்காவிட்டால் பிஎச் மட்டும் உயர்ந்து பயனில்லை.

எக்ஸ்ரேயில் தெரியவில்லை, ஆகவே கல் இல்லை

யூரிக் அமிலம் கலந்த இந்தக் கல் சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. அல்ட்ராசவுண்ட் எடுங்கள்.