வைரசுக்கேற்ற கிருமிநாசினியைத் தேர்ந்து பயன்படுத்தும் முறை

கிருமிநாசினியை வாங்குவதற்கு முன், எந்த வைரசை அழிக்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். இன்ஃபுளுவென்சா, கொரோனா, எச்.ஐ.வி. ஆகியவற்றின் புரதக் கூட்டுக்கு மேல் கொழுப்பாலான உறை ஒன்று உண்டு; வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோ, ரோட்டா வைரசுகளுக்கும் போலியோ வைரசுக்கும் அது இல்லை. உறையுள்ளவைதான் உறுதியானவை என்று தோன்றலாம். உண்மை அதற்கு நேர்மாறானது. செல்லுக்குள் நுழைய உதவும் புரதங்கள் அந்தக் கொழுப்புறையில்தான் பதிந்துள்ளன என்பதால், சோப்போ ஆல்கஹாலோ அதைச் சிதைத்துவிட்டால் வைரசு தொற்றும் திறனை இழந்துவிடும்.

ஆல்கஹாலைப் பொறுத்தவரை, ஏறத்தாழ 70 விழுக்காட்டுக் கரைசல் தூய ஆல்கஹாலைவிட நன்றாக வேலை செய்கிறது. புரதங்களின் வடிவத்தைக் குலைக்க நீரும் தேவை. தூய ஆல்கஹாலோ விரைவில் ஆவியாகிவிடும்.

உறையற்ற வைரசுகளுக்குப் புரதக் கூட்டையே தாக்கும் பொருள் வேண்டும். பிளீச்சிங் திரவத்திலுள்ள சோடியம் ஹைப்போகுளோரைட் புரதங்களையும் மரபுப் பொருளையும் ஆக்சிஜனேற்றம் செய்து சிதைக்கிறது. 5 விழுக்காட்டுத் திரவம் 1 பங்குக்கு 49 பங்கு தண்ணீர் சேர்த்தால், பொதுவான பரப்புகளுக்குப் போதுமான 0.1 விழுக்காட்டுக் கரைசல் கிடைக்கும். நோரோ வைரசால் ஒருவர் வாந்தியெடுத்த இடத்துக்கு 9 பங்கு தண்ணீர் சேர்த்த 0.5 விழுக்காட்டுக் கரைசலே நல்லது.

அப்படிப்பட்ட இடத்தில் கரைசலை நேரடியாக ஊற்றுவது வீண், ஏனெனில் வாந்தியிலுள்ள கரிமப் பொருள்களே கரைசலில் கிருமியைக் கொல்லும் குளோரினைத் தீர்த்துவிடும். கையுறை அணிந்து, உறிஞ்சும் தாளால் வாந்தியை ஒற்றியெடுத்து, சோப்பு நீரால் கழுவி அலசிய பிறகே கரைசலைப் பரப்புங்கள். தெளித்த உடனே துடைத்துவிடுவதே நான் அதிகம் காணும் பிழை. வேதிவினை நடக்க நேரம் வேண்டுமாதலால், பரப்பு 10 நிமிடமாவது ஈரமாகவே இருக்கட்டும். உலோகமாயின் அரிப்பைத் தவிர்க்க, பிறகு தண்ணீரால் துடைத்துவிடுங்கள்.

கரைசலை அன்றன்று, குளிர்ந்த நீரில், காற்றோட்டமான இடத்தில் தயாரிக்க வேண்டும். வெப்பமும் வெளிச்சமும் அதன் வீரியத்தைக் குறைக்கும். அமிலம் கலந்த கழிப்பறைத் திரவத்தோடு சேர்ந்தால் நச்சுக் குளோரின் வாயுவும், அம்மோனியாவோடு சேர்ந்தால் குளோரமீனும் வெளிப்படும் என்பதால், பிளீச்சிங் திரவத்தைத் தண்ணீரைத் தவிர வேறு எதனோடும் ஒருபோதும் கலக்காதீர்கள்.