சீதபேதியில் நாம் செய்யும் தவறுகள்

வயிற்றால் போகிறது என்றதும் அதை எப்படியாவது நிறுத்திவிடத்தான் மனம் பதறும். மலத்தில் இரத்தமோ சளியோ கலந்து, அடிவயிறு கடுத்து, முக்கி முக்கி உட்கார வைத்தால் அது சாதாரண வயிற்றுப்போக்கு அல்ல, சீதபேதி. இந்த நிலையில் லோப்பரமைடு போன்ற, போக்கை அடக்கும் மாத்திரையைப் போடுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு. குடலின் அசைவு மந்தமானால் கிருமியும் அதன் நச்சும் உள்ளேயே தங்கும். அரிதாகப் பெருங்குடல் வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம்.

அடுத்தது, "போன தடவை இந்த மருந்துதான் கேட்டது" என்று பழைய சீட்டைத் தேடுவது. சீதபேதிக்கு முக்கியமான காரணங்கள் இரண்டு. ஒன்று ஷிகெல்லா பாக்டீரியா. 1897-இல் ஜப்பானில் கியோஷி ஷிகா கண்டறிந்தது. மற்றது அமீபா என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. அமீபாவுக்குத் தரும் மெட்ரோனிடசோல் ஷிகெல்லாவை ஒன்றும் செய்யாது. அமீபாவிலும் அதோடு முடிவதில்லை. குடலில் மிஞ்சும் அமீபாக் கூடுகளை, அதாவது கெட்டியான உறைக்குள் அடங்கிக் கிடக்கும் அமீபாக்களை, அழிக்க இன்னொரு மருந்து வேண்டும். வலி நின்றதும் பலர் அதை விட்டுவிடுகிறார்கள்; நோய் திரும்பி வருகிறது, சிலருக்குக் கல்லீரலில் சீழ்க்கட்டியாகவும் மாறுகிறது. எனவே மலப் பரிசோதனைக்குத் தயங்காதீர்கள்.

குடித்தால் இன்னும் போகும் என்று தண்ணீரைக் குறைப்பது கொடுமை. போவதே உடலின் நீரும் உப்பும்தான். உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கிடைக்காவிட்டால் 1 லிட்டர் சுத்தமான நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலைதட்டி அளந்து கலக்குங்கள். உப்பு கூடினால் குழந்தைக்குக் கேடு. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. குழந்தையின் மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, கண்கள் குழி விழுந்தாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள்.

தடுப்பதிலும் ஒரு ஏமாற்றம் உண்டு. சானிடைசர் தடவினால் போதும் என்று நம்புகிறோம். அமீபாக் கூடு அதற்கு அசையாது. குடிநீரில் வழக்கமாகக் கலக்கும் குளோரினையும் தாங்கிவிடும். சோப்பும் ஓடும் நீரும்தான் கைக்கு. தளதளவெனக் கொதித்து ஆறிய நீர்தான் குடிக்க. கொதித்த நீரைக் குடித்துவிட்டு, எந்த நீரில் உறைந்தது என்று தெரியாத பனிக்கட்டியைப் பானத்தில் போட்டுக்கொள்வதில் பயனில்லை.

ஷிகெல்லா தொற்ற 10 முதல் 100 கிருமிகளே போதும். நோய் தீர்ந்தவரின் மலத்திலும் அது சில வாரம் வெளியேறலாம். போக்கு நின்று குறைந்தது 2 நாளாவது அவர் பிறருக்குச் சமைக்க வேண்டாம்.