மாஸ்க் போடாத மும்பைக்குப் போக யோசிக்கிறீர்களா?

வெளிநாட்டிலிருந்து மும்பைக்கு டிக்கெட் போட்ட நாளிலிருந்து தூக்கம் வராதவர்களுக்காக இதை எழுதுகிறேன். அம்மா அப்பாவைப் பார்த்து மூன்று வருடம், நான்கு வருடம் ஆகியிருக்கும், போகத்தான் வேண்டும். ஆனால் அங்கே யாரும் மாஸ்க் போடுவதில்லை, கல்யாண வீட்டில் முந்நூறு பேர் ஒரே ஹாலில் இருக்கிறார்கள், வீடியோ காலில் சித்தப்பா இருமிக்கொண்டே சிரிக்கிறார். இதை வெளியே சொன்னால் "இன்னுமா கொரோனாவைப் பிடித்துத் தொங்குகிறாய்" என்பார்கள் என்று மனதுக்குள்ளேயே வைத்துப் புழுங்குகிறீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

நான் பிறந்தது மும்பை தாராவியில், நைண்டி ஃபீட் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில். தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர். பெரியம்மா குடும்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறது, அம்மாவும் அப்பாவும் செம்பூருக்கு மாறிவிட்டார்கள், நான் டொராண்டோவில் இருக்கிறேன். எனக்கு முடக்கு வாதம். வாரம் ஒரு முறை மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறேன், அது எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், சாதாரணச் சளி பிடித்தாலே எனக்கு இறங்க நாளாகும். அதனால் என் பயம் வெறும் மனப்பிரமை இல்லை. உங்களுக்கும் இப்படி ஒரு காரணம் இருக்கலாம், வீட்டில் சின்னக் குழந்தை இருக்கலாம், இல்லை 2020ல் யாரையாவது பறிகொடுத்திருக்கலாம். எதுவானாலும் யாரிடமும் நியாயப்படுத்த வேண்டியதில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இது இல்லாமல் மற்றது எதுவும் சரியாக வராது. மும்பைக்காரர்களை அலட்சியக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டு விமானம் ஏறாதீர்கள். தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டது 2020 ஏப்ரல் 1. இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்கும் குறைவான இடம், லட்சக்கணக்கான ஜனம், நிறையப் பேருக்குப் பொதுக் கழிப்பறைதான், அந்த நிலைமையில் வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் பார்த்து, ஆட்களைத் தனியாக வைத்து, மாநகராட்சி ஊழியர்களும் உள்ளூர் டாக்டர்களும் அதைக் கட்டுப்படுத்தினார்கள். அந்த ஜூலையில் உலக சுகாதார அமைப்பின் தலைவரே தாராவியை உதாரணம் காட்டிப் பேசினார். அவ்வளவையும் தாண்டி வந்த பிறகுதான் 2022 ஏப்ரல் 2, மராத்தி வருடப் பிறப்பான குடி பாட்வா அன்று, மகாராஷ்டிர அரசு எல்லாக் கட்டுப்பாட்டையும் எடுத்தது, மாஸ்க் அவரவர் விருப்பம் என்றானது. அந்த வருடம் நவம்பரில் விமானத்திலும் மாஸ்க் கட்டாயம் இல்லை என்றார்கள், இந்தியா வருகிறவர்கள் நிரப்ப வேண்டியிருந்த ஏர் சுவிதா படிவமும் போய்விட்டது. நாம் பனிக்கட்டி ஊரில் வீட்டுக்குள் உட்கார்ந்து வேலை செய்த காலத்தில் என் பெரியம்மா மகன் ஐந்து மாதம் சம்பளம் இல்லாமல் இருந்தான். அவர்களிடம் போய் நோயைப் பற்றிப் பாடம் எடுக்கக் கூடாது. உங்களுக்கு என்ன வேண்டும் என்று மட்டும் கேளுங்கள், செய்து தருவார்கள்.

சரி, என்ன கேட்பது? நான் மூன்று பயணத்தில் கற்றுக்கொண்டது, கூட்டத்தைப் பார்த்துப் பயப்படுவதைவிடக் காற்றைப் பார்த்து முடிவு எடுப்பதுதான் பலன் தரும். இந்த நோய் மூச்சிலிருந்து வரும் நுண்துளிகளால் பரவுகிறது, மூடிய இடத்தில் அது புகை மாதிரி தேங்கி நிற்கும், காற்றோட்டம் இருந்தால் கலைந்துவிடும்.

2022 டிசம்பரில் நான் செய்த தப்பு இது. பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் விமானத்தில் மாஸ்க்கைக் கழற்றவே இல்லை. இரவு இரண்டு மணிக்கு வெளியே வந்தால் அழைத்துப் போக நான்கு பேர் வந்திருந்தார்கள். எல்லாரும் ஒரே காரில், கண்ணாடியை ஏற்றி, ஏ.சி. போட்டு, பேசிக்கொண்டே செம்பூருக்கு வந்தோம். ஒருவருக்கு இருமல் இருந்தது. "கண்ணாடியைக் கொஞ்சம் இறக்குங்க" என்று சொல்ல வாய் வரவில்லை, இத்தனை வருடம் கழித்து வந்து முதல் வார்த்தையாகவா அதைச் சொல்வது என்று மாஸ்க்கையும் கழற்றிவிட்டேன். நான்காம் நாள் எனக்குக் காய்ச்சல், ஆறாம் நாள் அம்மாவுக்கு. அம்மா தேறிவிட்டார், ஆனால் அந்த ஒரு வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அடுத்த தடவை ஒரு சின்ன கார்பன் டை ஆக்ஸைடு மீட்டர் கொண்டுபோனேன். நாம் விடும் மூச்சு ஓரிடத்தில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பதை அது காட்டும். திறந்த வெளியில் 420 பி.பி.எம்.முக்குச் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு) சற்று மேலே இருக்கும், அறைக்குள் 1000 தாண்டினால் காற்றோட்டம் போதவில்லை என்று அர்த்தம். ஐந்து பேர் உட்கார்ந்த மூடிய காரில் அது 3000 தாண்டியது. மதியம் 12 மணிக்குச் செம்பூரிலிருந்து சி.எஸ்.எம்.டி. (பழைய வி.டி. ஸ்டேஷன்) போகும் சாதாரண லோக்கல் ரயிலில், கதவு திறந்திருக்க, சன்னல் திறந்திருக்க, 600க்குள்ளேயே இருந்தது. அதாவது நாம் எதைப் பார்த்துப் பயந்தோமோ அந்த ரயில் பரவாயில்லை, எதைப் பாதுகாப்பு என்று நினைத்தோமோ அந்தக் கார்தான் மோசம்.

அதனால் போக்குவரத்தை இப்படிப் பாருங்கள். ஆட்டோ நல்லது, இரண்டு பக்கமும் திறந்திருக்கும். ஆனால் ஆட்டோ சயானுக்கும் பாந்த்ராவுக்கும் தெற்கே வராது, மாட்டுங்கா, தாதர் பக்கம் டாக்சிதான். டாக்சியில் ஏறினதும் "பையா, ஏ.சி. நஹீ சாஹியே, காச் நீச்சே கரோ" (ஏ.சி. வேண்டாம், கண்ணாடியை இறக்குங்கள்) என்றால் போதும், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். வெயிலுக்கு ஏ.சி. இல்லாமல் முடியாது என்றால் பின்பக்க இரண்டு கண்ணாடியையும் இரண்டு விரல் அளவு இறக்கி, உள்காற்றையே சுற்றவிடும் பட்டனை அணைக்கச் சொல்லுங்கள். லோக்கலில் காலை 8 முதல் 11 வரை, மாலை 5 முதல் 9 வரை ஏறாதீர்கள், அந்த நெரிசலில் சன்னல் இருந்தும் பயனில்லை. ஏ.சி. லோக்கல், 2024 அக்டோபரில் ஓடத் தொடங்கிய சுரங்க மெட்ரோ, இரண்டிலும் சன்னல் திறக்காது, கட்டாயம் மாஸ்க்.

விமானத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதீர்கள். பறக்கும்போது காற்றை வடிகட்டித்தான் விடுகிறார்கள். ஏறி உட்கார்ந்து கதவு மூடக் காத்திருக்கும் நேரமும், இறங்க எல்லாரும் எழுந்து நிற்கும் நேரமும்தான் கவனம் வேண்டியவை. அப்புறம் குடியேற்ற வரிசை, பல வெளிநாட்டு விமானங்கள் நள்ளிரவிலிருந்து விடியற்காலைக்குள் வந்து இறங்குவதால் அங்கே கூட்டம் இருக்கும். சாப்பாட்டுக்கு மாஸ்க்கைக் கழற்ற வேண்டியிருந்தால் பக்கத்தில் இருப்பவர் சாப்பிட்டு முடித்து மாஸ்க் போட்ட பிறகு, அல்லது பேச்சு ஓய்ந்த பிறகு, நீங்கள் சாப்பிடுங்கள்.

மாஸ்க்கை இங்கிருந்தே வாங்கிக்கொண்டு போங்கள், உங்கள் முகத்துக்குப் பொருந்தும் என்.95, தலையைச் சுற்றிக் கட்டும் வகை. மும்பை வேர்வையில் இரண்டு மணி நேரத்தில் நனைந்துவிடும், நாளுக்கு இரண்டு கணக்குப் போடுங்கள். வீட்டிலேயே பார்க்கும் டெஸ்ட் கிட் ஐந்தாறு எடுத்து வையுங்கள். ஒரு கோடு மட்டும் வந்து நோய் இல்லை என்று காட்டினால் உடனே நிம்மதி அடையாதீர்கள், 48 மணி நேரம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். தடுப்பூசி போடுவதென்றால் புறப்பட இரண்டு வாரத்துக்கு முன்பே போட்டுவிட வேண்டும். என்னை மாதிரி மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் முன்கூட்டியே பேசி, காய்ச்சல் வந்தால் எந்த மருந்தை நிறுத்துவது, எதைத் தொடங்குவது என்று காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். மருந்துச் சீட்டில் பிராண்டு பெயர் மட்டும் இருந்தால் அங்கே மெடிக்கலில் தடுமாறுவார்கள், மூலப் பெயர் இருக்கட்டும். கனடாவிலும் அமெரிக்காவிலும் அசிடமினோஃபென் என்று விற்பதுதான் அங்கே பாராசிட்டமால்.

இப்போது கஷ்டமான விஷயம், சொந்தக்காரர்கள். இதைப் போய் இறங்கிய பிறகு பேசாதீர்கள், புறப்பட ஒரு வாரம் முன்பே போனில் பேசுங்கள். பெரியம்மா என்னைப் பார்த்ததும் கேட்டார், "ஏட்டி, இன்னுமா இத மாட்டிக்கிட்டு அலையுத?" நான் சொன்னேன், "நான் மாத்திர சாப்பிடுதேன்லா பெரியம்மா, சளி புடிச்சா எனக்கு எறங்காது. பிளேன்ல இருந்து நான் எதையாவது கொண்டாந்து ஒங்களுக்குக் குடுத்துறக் கூடாதுல்லா." அவ்வளவுதான், அதற்குப் பிறகு வந்தவர்களிடம் அவரே விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். இது சமாளிப்புக்காகச் சொன்னதும் இல்லை. இரண்டு மூன்று விமான நிலையம் தாண்டி வருகிற நாம்தான் எழுபது வயதுப் பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்குள் நோயைக் கொண்டுபோக அதிக வாய்ப்பு. முதல் நான்கைந்து நாள் வீட்டுப் பெரியவர்கள் முன்னால் மாஸ்க், சன்னல் திறந்து ஃபேன், இரண்டும் இருக்கட்டும்.

பார்க்க வருகிறவர்களை ஹாலில் அடைத்து உட்கார வைக்காமல் கேலரியில், அதாவது பால்கனியில், உட்கார வைக்கலாம். சொசைட்டியாக (அடுக்குமாடிக் குடியிருப்பாக) இருந்தால் டெரஸ் சாவி வாட்ச்மேனிடமோ செக்ரெட்டரியிடமோ இருக்கும், சாயங்காலம் இரண்டு மணி நேரத்துக்குக் கேட்டு வாங்கி, பாய் விரித்து, டீ போட்டுக் கொடுங்கள். என் அத்தை மகள்கள் எல்லாரையும் நான் அப்படித்தான் பார்த்தேன், வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தால்கூட அவ்வளவு பேசியிருக்க மாட்டோம். நண்பர்களை மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸிலோ சிவாஜி பார்க்கிலோ மரைன் டிரைவிலோ வரச் சொல்லுங்கள். மாட்டுங்கா ஹோட்டல் இட்லி ஆசை இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலை போகாமல் வார நாளில் போங்கள், இல்லையென்றால் பார்சல். செம்பூர் செட்டா நகர் முருகன் கோயிலுக்குச் செவ்வாய், கிருத்திகை தவிர்த்து விடியற்காலை போனால் நிம்மதியாகக் கும்பிடலாம்.

கல்யாணம் வந்தால் எதை விடக் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். நான் முகூர்த்தத்துக்கு மட்டும் இருப்பேன், கதவுப் பக்கம் உட்காருவேன், முதல் பந்தியில் ஓரத்தில் சாப்பிட்டு எழுந்துவிடுவேன். முந்தின நாள் ரிசப்ஷன் ஏ.சி. ஹாலுக்குப் போக மாட்டேன், அதற்குப் பதிலாக மறுநாள் பெண்ணையும் மாப்பிள்ளையையும் வீட்டில் பார்ப்பேன். போட்டோவுக்கு மூச்சை இழுத்துப் பிடித்து மாஸ்க்கைக் கழற்றுவேன், அதற்கு மேல் யார் கேட்டாலும் இல்லை. எல்லா இடத்திலும் கறாராக இருந்தால் நீங்கள் போனதற்கே அர்த்தம் இல்லை, எல்லா இடத்திலும் விட்டுக்கொடுத்தால் இரவு தூங்க முடியாது.

நோய் வந்துவிட்டால் என்ன செய்வது என்று யோசித்து வைத்ததுதான் என் படபடப்பை அதிகம் குறைத்தது. மும்பை வீடுகளில் தனி அறை கிடைக்காது, பெரியம்மா வீடு ஒன் ரூம் கிச்சன், அங்கே ஒதுங்கி இருக்க முடியாது. அதனால் ஐந்து நாள் லாட்ஜில் தங்கும் பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிடுகிறேன், தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டும் ஏற்கெனவே உள்ள நோயைச் சேர்த்துக்கொள்ளும் இன்சூரன்ஸும் எடுக்கிறேன். வீட்டுக்குப் பக்கத்தில் போன் எடுக்கும் டாக்டர் யார் என்று அம்மாவிடம் கேட்டு எண்ணைப் போட்டு வைத்திருக்கிறேன். ஆம்புலன்ஸுக்கு 108, மாநகராட்சி உதவிக்கு 1916. மூச்சு வாங்கினால், விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் 94க்குக் கீழே காட்டினால், காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

எந்த மாதம் போவது என்பதையும் யோசியுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, எல்லார் வீட்டிலும் சன்னல் மூடியிருக்கும், டெங்கு, மலேரியா வேறு, தேங்கிய தண்ணீரில் நடந்தால் எலிக்காய்ச்சல் பயம். நவம்பரிலிருந்து ஜனவரி வரை வெயில் குறைவு, ஆனால் தூசியும் புகையும் கூடும், அதே என்.95 அதற்கும் உதவும், அந்த மாதங்களில் மாஸ்க் போட்டவர்களைத் தெருவிலும் பார்க்கலாம். எனக்குப் பிப்ரவரிதான் பிடிக்கும், இரவில் சன்னலைத் திறந்து வைத்துத் தூங்கலாம்.

போன முறை கிளம்பும்போது மிச்சமிருந்த மாஸ்க்கையும் இரண்டு டெஸ்ட் கிட்டையும் பெரியம்மா வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். பி.பி. மாத்திரை வாங்க ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும்போது போட்டுக்கொள்கிறாராம், போன வாரம் போனில் சொன்னார், அடுத்த தடவை வரும்போது இன்னும் பத்து எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்.