தரவுத்தள இணைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நெல் ஆலைகளுக்கும் மருந்துக் கடைகளுக்கும் மென்பொருள் எழுதுவோர், தம் மடிக்கணினியில் தரவுத்தள இணைப்பு ஒருமுறை ஒழுங்காகக் கிடைத்ததும் அதற்கான நிரல் வரிகளை மறுபடி பார்ப்பதில்லை. ஆனால் தவறுகள் வெளிப்படுவது பாவனையாளரின் இடத்தில்தான்.

தமிழில் தரவு வைப்போருக்கு மிகக் கேடானது, எழுத்துக் குறியாக்கத்தை, அதாவது எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் முறையை, சொல்லாமல் இணைப்பது. தமிழுக்கு இன்று வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி (எழுத்து, புள்ளி, உயிர்க்குறி) ஒவ்வொன்றும் 3 பைட்டுகளை எடுக்கும். மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தள மென்பொருளில், 8.0 பதிப்புக்கு முன்னர், இயல்புநிலைக் குறியாக்கம் எழுத்துக்கு ஒரு பைட்டு மட்டுமே கொள்ளும் லத்தீன்-1 ஆகவே இருந்தது. இணைப்பை அந்த நிலையில் விட்டால், வழங்கி (தரவுத்தளம் இயங்கும் கணினி) அந்த மூன்று பைட்டுகளையும் மூன்று தனி எழுத்துகளாக எண்ணிச் சேமிக்கும். ஆகவே 12 குறிகளாலான 'மட்டக்களப்பு' 36 எழுத்துகளாகி, 30 எழுத்துகளுக்கென ஒதுக்கிய அட்டவணைப் புலத்தில் அடங்காது. அடங்கினாலும் ஆபத்து நீங்குவதில்லை. அதே நிரல் அதே பிழையான இணைப்பால் திரும்ப வாசிக்கும்போது பெயர் சரியாகவே தெரிவதால் எவரும் ஐயுறுவதில்லை. சரியான இணைப்புடைய வேறொரு மென்பொருள் அறிக்கை எடுக்கும் நாளில்தான் பெயர்கள் யாவும் உருத்தெரியாமல் சிதைந்திருப்பது தெரியவரும். இணைப்பு விவரங்களைத் தரும் இணைப்புச் சரத்திலேயே, யூடிஎஃப்-8 முறைக்கு மைஎஸ்கியூஎல் வழங்கும் பெயரான 'யூடிஎஃப்8எம்பி4' என்று குறிப்பிடுவதே தீர்வு. அட்டவணையில் மட்டும் குறிப்பிடுவது போதாது.

அடுத்தது, திறந்த இணைப்பை மூடாமல் விடுவது. வினவல் (தரவுத்தளத்துக்கு அனுப்பும் கட்டளை) வெற்றி பெற்றால் மூடும் வரியை எல்லோரும் எழுதுகிறார்கள். இடையில் பிழை நேர்ந்தால் நிரல் அந்த வரியை எட்டாமலே வெளியேறிவிடும் என்பதைப் பலர் கருதுவதில்லை. மைஎஸ்கியூஎல் இயல்பாக ஒரே வேளையில் 151 இணைப்புகளையே ஏற்கும். தொடர்ந்து ஓடும் சேவையொன்றில் கைவிடப்பட்ட இணைப்பு 28,800 விநாடிகள், அதாவது எட்டு மணித்தியாலம், சும்மா இடம் பிடித்திருக்கக்கூடும். பெரும்போக அறுவடைக் காலத்தில் நெற்களஞ்சியத்தின் பல கணினிகளில் ஒரே வேளையில் பதிவு நடக்கும்போது இந்த எல்லை விரைவில் நிரம்பிவிடும். மூடும் வரியை, பிழை நேர்ந்தாலும் நேராவிட்டாலும் ஓடும் 'ஃபைனலி' பகுதியில் எழுதுங்கள். திறந்த இணைப்புகளைச் சேர்த்து வைத்து மீண்டும் மீண்டும் வழங்கும் இணைப்புத் தொகுப்பைப் பயன்படுத்தினால், வேலை முடிந்த இணைப்பு பிழை நேர்ந்தாலும் தொகுப்புக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள்.

கடவுச்சொல்லை நிரலுக்குள் எழுதுவதும், எல்லா அதிகாரமும் கொண்ட 'ரூட்' கணக்கால் இணைப்பதும் வெளிப்படையான தவறுகள். மின்தடைக்குப் பின் வலையமைப்பு தாமதமாக மீளும் இடங்களில், காத்திருப்பு எல்லையொன்றை விதிக்காத நிரல் பதிலின்றி உறைந்து நிற்கும். சில விநாடிகளுக்குப் பின் கைவிட்டு, காரணத்தைத் தமிழிலேயே திரையில் காட்டுமாறு அமையுங்கள்.

மென்பொருளை ஒப்படைக்குமுன், ஒரு தமிழ்ப் பெயரை அதன் வழியே பதிந்து வேறொரு கருவியால் வாசித்துப் பாருங்கள். பிறகு வேண்டுமென்றே பிழையான வினவலொன்றைப் பலமுறை ஓடவிட்டு, வழங்கியில் திறந்திருக்கும் இணைப்புகளை எண்ணுங்கள்.