சும்மா இருக்கும்போது உடல் எவ்வளவு கலோரி செலவழிக்கிறது? வீட்டிலேயே கணக்குப் போடலாம்

நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாலும் இதயம் துடிக்கவும் மூச்சு விடவும் உடம்புச் சூட்டைக் காக்கவும் கலோரி செலவாகும். உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு மொத்தச் செலவில் பாதிக்கு மேல் இதுதான். எடையை மட்டும் பார்த்தால் இந்தக் கணக்கு சரியாக வராது. அந்த எடையில் கொழுப்பு எவ்வளவு என்றும் தெரிய வேண்டும்.

படி 1: கொழுப்பு சதவீதத்தை அளந்து பாருங்கள்

கொழுப்பையும் காட்டும் டிஜிட்டல் எடை மெஷின் போதும். பாதம் வழியாக மெல்லிய மின்சாரத்தை அனுப்பி அது கணிக்கிறது. உடம்பில் உள்ள தண்ணீரைப் பொறுத்து எண் ஏறி இறங்கும் என்பதால், காலையில் கழிப்பறை போய்விட்டு வந்து, எதுவும் குடிப்பதற்கு முன் ஏறுங்கள். ஒரு வாரச் சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களும் கர்ப்பிணிகளும் இந்த மெஷினைத் தவிர்க்க வேண்டும்.

படி 2: கொழுப்பைக் கழியுங்கள்

எடை 65 கிலோ, கொழுப்பு 36% என்று வைத்துக்கொள்வோம். கொழுப்பு 23.4 கிலோ. மீதி 41.6 கிலோ. தசை, எலும்பு, உறுப்புகள், தண்ணீர் எல்லாம் இந்த மீதிக்குள் அடக்கம்.

படி 3: சூத்திரத்தில் போடுங்கள்

கேட்ச்-மெக்கார்டில் சூத்திரம்: 370 + (21.6 × கொழுப்பு நீங்கிய எடை). நம் உதாரணத்துக்குச் சுமார் 1,269 கலோரி. அதே 65 கிலோவில் கொழுப்பு 24% மட்டும் உள்ளவருக்குச் சுமார் 1,437. எடை ஒன்றுதான், ஆனால் தினமும் 168 கலோரி வித்தியாசம்.

படி 4: இந்த வித்தியாசத்தைத் தவறாகப் படிக்காதீர்கள்

"ஒரு கிலோ தசை ஏற்றினால் தினம் 100 கலோரி தானாக எரியும்" என்று ஜிம் பக்கம் சொல்வார்கள். நம்பாதீர்கள். ஓய்வில் ஒரு கிலோ தசை நாளொன்றுக்குச் சுமார் 13 கலோரிதான் செலவழிக்கிறது, கொழுப்பு 4.5. பெரிய செலவாளிகள் உறுப்புகள்தான்: கிலோவுக்குக் கல்லீரல் 200, மூளை 240, இதயமும் சிறுநீரகமும் தலா 440. அப்படியென்றால் 21.6 எங்கிருந்து வந்தது? கொழுப்பு நீங்கிய எடையில் இந்த உறுப்புகளும் சேர்ந்திருப்பதால்தான். பளு தூக்கி 3 கிலோ தசை ஏற்றினாலும் உங்கள் கல்லீரல் அதே அளவுக்கு வளர்ந்துவிடாது. கூடுவது 40 கலோரி அளவு, அதாவது சர்க்கரை போட்ட அரை கப் டீ. தசை வேண்டாம் என்று சொல்லவில்லை. சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கும் வயதான பிறகு தடுமாறாமல் நடக்கவும் அது வேண்டும். கலோரிக்காக மட்டும் என்றால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

இன்னொன்று. ஒரே பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் எண்) இருந்தாலும் ஐரோப்பியர்களைவிடத் தெற்காசியர்களுக்குக் கொழுப்பு பொதுவாக அதிகம். ஒல்லியாக இருக்கிறோமே என்று முதல் படியைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

படி 5: அன்றாட அசைவைச் சேருங்கள்

நாள் முழுக்க நாற்காலி வேலை என்றால் 1.2 ஆல் பெருக்குங்கள். 1,269 என்பது சுமார் 1,520 ஆகும். தைராய்டு பிரச்சினை இருந்தால் இந்த எண் பொருந்தாமல் போகலாம், டாக்டரிடம் கேளுங்கள். மற்றவர்கள் எடை மூன்று நான்கு கிலோ மாறினால் மட்டும் மறுபடி கணக்குப் போட்டால் போதும்.